மூன்று பீடி நேரம்

மடியில் வெடிமருந்தும் வாயில் பீடியுமாகப் பாறை ஏறி இறங்கியவன் நான். அப்போதெல்லாம் பயந்ததாக நினைவில்லை. ஒரு நாள் காலையில் இருமிவிட்டுத் துப்பினேன். ஜல்லிக் குவியலின் மேல் எச்சில் சிவப்பாக விழுந்தது. நான் வெற்றிலை போடுகிற ஆள் இல்லை. அந்த நிமிஷம் வயிற்றுக்குள் புகுந்த பயம் லேசில் வெளியே போகவில்லை. இதை எழுதும்போதும் அதில் ஒரு பங்கு உள்ளேதான் இருக்கிறது.

காலால் நாலு ஜல்லியைத் தள்ளி அதை மூடினேன். பத்தடி தள்ளி உட்கார்ந்து என் மனைவி கல் உடைத்துக்கொண்டிருந்தாள். அவள் பார்க்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

என் அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் இருமல், பிறகு ரத்தம், பிறகு கயரோகம் என்று ஊரே சொல்லிவிட்டது. மாட்டுக் கொட்டகையில் ஒரு மூலையை மறைத்து அவரைப் படுக்க வைத்தார்கள். தனித் தட்டு, தனிக் குவளை. கஞ்சி கொண்டுபோய் வைப்பது என் வேலை. வாசலிலேயே வைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்துவிடுவேன். "கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போடா" என்று அவர் கேட்டது இரண்டு தடவை என் காதில் விழுந்தது. விழாத மாதிரி ஓடினேன். இப்போது என் முறை வந்துவிட்டது, எனக்குக் கஞ்சி வைத்துவிட்டு ஓடப்போவது யார் என்றுதான் முதலில் யோசித்தேன்.

சமஸ்தானம் போய், புதுக்கோட்டை திருச்சி ஜில்லாவோடு சேர்ந்து பத்து வருஷம் ஆகியிருக்கும். எங்கே பார்த்தாலும் ரோடு போட்டார்கள். நார்த்தாமலைக்குக் கிழக்கே ஒரு கல்குவாரியில் ரோட்டுக்கு ஜல்லி எடுத்தோம். நாங்கள் ஒன்பது பேர். பாறையில் துளை அடிக்கிறவர்கள் நாலு பேர், அதில் என் மனைவியின் தம்பியும் ஒருவன். ஜல்லி உடைக்கும் பெண்கள் மூன்று பேர். மேற்பார்க்க ஒரு மேஸ்திரி. துளையில் மருந்து கெட்டித்துத் திரி வைத்துக் கொளுத்துகிற வெடிக்காரன் நான். எட்டாவது வரை படித்தவன் என்பதால் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

எங்கள் குவாரியில் பீடி என்பது கெட்ட பழக்கம் அல்ல, வேலைச் சாமான். மலைக்காற்றில் தீக்குச்சி நிற்காது. பீடியை நன்றாக இழுத்து, நுனி கனிந்திருக்கும்போது திரியில் வைத்தால் புஸ்ஸென்று பிடித்துக்கொள்ளும். பிறகு ஓடக் கூடாது, நடந்து வரவேண்டும். ஓடுகிறவன் தடுக்கி விழுவான். பெரிய பாறைக்குப் பின்னால் வந்து உட்கார்ந்து, எத்தனை துளை வைத்தோமோ அத்தனை சத்தம் எண்ணுவோம்.

எண்ணிக்கை ஒன்று குறைந்தால் அதற்கு ஊமை வெடி என்று பெயர். வெடிக்காமல் இருக்கிறதா, இனிமேல்தான் வெடிக்கப் போகிறதா என்று அதற்குத்தான் தெரியும். உடனே போய்ப் பார்த்தவர்களில் சிலர் திரும்பி வந்ததில்லை. அதனால் ஒரு சட்டம் இருந்தது. ஊமை வெடிக்கு மூன்று பீடி. ஒன்றின் நெருப்பில் அடுத்ததைப் பற்றவைத்து, அவசரப்படாமல் மூன்றையும் குடித்து முடித்த பிறகுதான் ஒருவன் எழுந்து போகலாம். எங்கள் ஒன்பது பேரில் ஒருவரிடமும் கைக்கடிகாரம் கிடையாது. தேவைப்பட்டதும் இல்லை.

நான் ஜல்லியைத் தள்ளி மூடியதை மனைவி பார்த்துத்தான் இருந்திருக்கிறாள்.  மறுநாள் காலையில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"கெளம்புங்க. புதுக்கோட்டை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"எனக்கென்ன கேடு?"

"கல்லத் தள்ளி மூடுனீங்களே, அந்தக் கேடுதான்."

பஸ்ஸில் போகும்போது வழியெல்லாம் அவளோடு சண்டை போட்டேன். பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும், அன்றும் இன்றும். ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் எடுத்தார்கள். டாக்டர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். அவர் முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று நான் அவரைப் பார்த்தேன். 

"கயம்னு இப்ப நான் சொல்லலை, இல்லைன்னும் சொல்லலை. ஒரு மாசம் கழிச்சு மறுபடி படம் எடுத்துப் பாத்துருவோம். அதுவரைக்கும் பீடி ஒண்ணுகூடக் கூடாது. குடிச்சா அப்புறம் எங்கிட்ட வராதே" என்றார்.

ஒரு மாதம். பதினாறு வயதிலிருந்து நாளுக்கு இரண்டு கட்டு ஊதியவனிடம் அதைச் சொன்னார். வெளியே வந்ததும் என் கை தானாக மடிக்குப் போயிற்று. மனைவி அந்தக் கையை நடுரோட்டில் பிடித்துக்கொண்டாள். கல்யாணத்துக்குப் பிறகு ஆள் பார்க்க என் கையை அவள் பிடித்தது அதுதான் முதல் தடவை.

முதல் மூன்று நாளை எழுதச் சொன்னால் வெட்கமாக இருக்கிறது. சோற்றில் உப்பு அதிகம் என்று தட்டை வீசினேன். உப்பே போடவில்லை என்று மறுநாளும் வீசினேன். கை நடுக்கத்தில் மருந்து கொட்டிற்று. இருமும்போதெல்லாம் ஒளிந்துபோய்த் துப்பி, குனிந்து நிறம் பார்த்தேன். சிவப்பு இல்லாவிட்டால், நம்பாமல் இன்னொரு தடவை துப்பிப் பார்த்தேன்.

நாலாம் நாள் மத்தியானம், எல்லோரும் கஞ்சி குடிக்கும் நேரத்தில், பெரிய பாறைக்குப் பின்னால் மண்டியிட்டு, சந்துகளில் விரலை விட்டுத் துண்டுப் பீடி தேடிக்கொண்டிருந்தேன். நாங்கள் உட்காரும் இடம் அது. வருஷக்கணக்கில் எறிந்த துண்டுகள் கிடந்தன. ஒன்று ஓரளவு நீளமாக அகப்பட்டது. நிமிர்ந்தால் மச்சினன் நிற்கிறான். இருபத்துநாலு வயசுக்காரன். தேக்குக்கட்டை மாதிரி உடம்பு. என்னிடம் அவனுக்கு மரியாதை ஜாஸ்தி.

திட்டுவான் என்று பார்த்தேன். அவன் பக்கத்தில் உட்கார்ந்து, தானும் சந்துக்குள் விரலை விட்டுத் துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தான். ஒன்று விடாமல் பொறுக்கித் தோள்துண்டில் முடிந்தான். கடைசியில் என் முன்னால் கையை நீட்டினான்.

"அதையுங் குடுங்க மச்சான்."

கொடுத்தேன். எல்லாவற்றையும் கொண்டுபோய்ப் பழைய குழியில் தேங்கியிருந்த தண்ணீரில் கொட்டினான். திரும்பி வந்து தன் மடியிலிருந்த பீடிக் கட்டையும் எடுத்து அதிலேயே எறிந்தான்.

"நீங்க விடுற வரைக்கும் எனக்கும் வேணாம். நாங்க குடிச்சுக்கிட்டு ஒங்கள விடச் சொன்னா அது எப்புடி?"

சாயங்காலத்துக்குள் விஷயம் எல்லோருக்கும் பரவிவிட்டது. மற்ற மூன்று பேரும் கட்டை எறிந்தார்கள். மேஸ்திரி கடைசியாக வந்தார். முப்பது வருஷமாக ஊதியவர், மீசையே பழுப்பாகிவிட்டது. குழி ஓரத்தில் கொஞ்ச நேரம் நின்று, சாமிக்குத் தேங்காய் உடைக்கிற மாதிரி இரண்டு கையாலும் கட்டைத் தூக்கிப் போட்டார். "ஒனக்காகத்தாம்ப்பு. நீ பொழச்சுக் கெட" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இத்தனை பேர் ஒன்றுகூடி எனக்காக ஒன்றை விட்டது அதற்கு முன்பு நடந்ததில்லை. அண்ணனுக்கு நாங்கள் யாரும் எதையும் விடவில்லை.

என் மனைவி புளியங்கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி ஒரு பையில் போட்டுக் கொடுத்தாள். வாய் ஊறும்போதெல்லாம் ஒன்றைக் கன்னத்தில் அடக்கிக்கொள்ள வேண்டும். கல்லு மாதிரி இருக்கும். கடித்தால் பல் போய்விடும். எச்சிலில் மெதுவாக ஊறி மெத்தென்று ஆனபிறகுதான் மெல்லலாம். மற்றவர்களுக்கும் கொடுத்தாள். ஒன்பது பேரும் கன்னம் வீங்கின மாதிரி வேலை பார்த்தோம்.

திரியை எதனால் கொளுத்துவது என்ற கேள்வி வந்தது. மச்சினன்தான் வழி சொன்னான். பெட்டிக்கடையில் தொங்குமே தேங்காய் நார்க் கயிறு, நுனியில் நெருப்பு கனிந்துகொண்டே இருக்கும், அதில் ஒரு முழம் போதும் என்றான். வைத்துப் பார்த்தோம், பீடியைவிட நன்றாகப் பிடித்தது. எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். பீடி இல்லாமலே குவாரி ஓடும் என்று மேஸ்திரி என் முதுகில் தட்டினார். பீடி எங்களுக்கு இன்னொரு வேலையும் பார்த்துக்கொண்டிருந்தது என்பது ஒருத்தர் புத்தியிலும் ஏறவில்லை. எட்டாவது படித்த என் புத்தியிலும் ஏறவில்லை.

இரண்டு வாரம் ஊமை வெடி ஒன்றும் விழாதது எங்கள் கெட்ட காலம். விழுந்திருந்தால் யோசித்திருப்போம்.

பத்தொன்பதாம் நாள். முந்தின நாள் மழை பெய்து பாறையெல்லாம் ஈரம். நாலு துளை வைத்தோம். "வெடியேய்... வெடி" என்று மூன்று தடவை கத்திவிட்டு, கயிற்று நெருப்பால் நாலையும் கொளுத்தினேன். ஒரு புளியங்கொட்டையை வாயில் போட்டுக்கொண்டு, வழக்கம்போல நடந்து பாறைக்குப் பின்னால் வந்தேன். அப்படி ஒரு பழக்கம் ஆகியிருந்தது. முன்பு பீடியை இழுத்துக்கொண்டு நடப்பேன், இப்போது கொட்டை.

ஒன்று. இரண்டு. மூன்று. பிறகு சத்தம் இல்லை.

ஆறு ஆண்களின் கையும் ஒரே சமயத்தில் மடிக்குப் போய், வெறுமனே திரும்பி வந்தது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஒருவன் சிரித்துக்கூட விட்டான். "உக்காந்துருப்போம். மூணு பீடி நேரம் தெரியாதா நமக்கு?" என்றார் மேஸ்திரி.

உட்கார்ந்தோம். பீடியை விட்டவனுக்கு நேரம் எப்படிப் போகும் என்பதை விட்டவனிடம்தான் கேட்க வேண்டும். நகராது. ஒரு நிமிஷம் ஒரு மத்தியானம் மாதிரி நீளும். அதுவும் பீடி குடித்தே உட்கார்ந்து பழகிய இடத்தில், பீடி இல்லாமல் உட்கார்ந்தால் கேட்கவே வேண்டாம். நாக்கு வறண்டது.  யாராவது எழுந்தால் தேவலை என்றிருந்தது.

"ஆச்சுப்பா, மூணு பீடி நேரம்" என்றார் மேஸ்திரி.

"ஆயிருச்சு" என்றேன் நான். வெடிக்காரன் வாயிலிருந்து வரவேண்டிய சொல் அது. என் வாயிலிருந்துதான் வந்தது. அதை இன்னொருத்தர் தலையில் போட எனக்கு மனசு வரவில்லை.

போய்ப் பார்க்க வேண்டியவனும் நான்தான். எழுந்தேன். கை நடுங்கிக்கொண்டிருந்தது. மச்சினன் அதைப் பார்த்தான். என் தோளை அழுத்தி உட்கார வைத்தான்.

"நடுங்குற கையோட மருந்துகிட்டப் போகாதீங்க. நான் பாத்துட்டு வாரேன்."

வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. உள்ளுக்குள் ஒரு நிம்மதிகூட வந்தது. அதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

அவன் பாறையைச் சுற்றிக்கொண்டு நடந்தான். இருபது அடி போயிருப்பான். நான் நாக்கால் கொட்டையைப் புரட்டினேன். அது கல்லாகவே இருந்தது. மேல்பக்கம்கூட வழுவழுப்பு வரவில்லை.

 இரண்டு வாரமாக அந்தக் கொட்டைகளோடு குடித்தனம் நடத்துகிறேன். ஒன்று ஊற எவ்வளவு நேரம் ஆகும் என்று என் கன்னத்துக்குத் தெரியும். மூன்று பீடி நேரம் எங்கே ஆயிற்று? ஒன்றுமே ஆகவில்லை.

"மாப்ளே!" என்று கத்த வாயைத் திறந்தேன். இருமல்தான் வந்தது. தொண்டையை அடைத்துக்கொண்டு, குனிந்து, மண்ணைப் பிடித்துக்கொண்டு இருமுகிறேன். ஒரு எழுத்து வெளியே வரவில்லை. கையை அவன் பக்கமாக நீட்டி நீட்டிக் காட்டினேன். மேஸ்திரி எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று முதுகைத் தடவுகிறார்.

அங்கிட்டு, வேப்பமரத்தடியில் பெண்களோடு ஒதுங்கியிருந்த என் மனைவி என் முகத்தைப் பார்த்திருக்கிறாள். அவளுக்குக் காரணம் தெரியாது. முகம் போதுமாக இருந்தது.

"தம்பீ! போகாதடா! திரும்புடா!"

அந்தக் குரலை அதற்குப் பிறகு அவளிடம் நான் கேட்டதில்லை. அவன் நின்றான். என்ன என்று கேட்கிற மாதிரி பாதி திரும்பினான். அப்போது வெடித்தது.

ஈரத்தில் திரிக்குள் நெருப்பு ஊர்ந்துகொண்டே இருந்திருக்கிறது.

புகை அடங்கும்வரை நான் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் பார்க்க வேண்டியிருக்குமே என்ற பயம். மற்றவர்கள் ஓடினார்கள். நான் மண்ணில் முகத்தை வைத்துக்கொண்டு, அண்ணன் கொட்டகைக்குள்ளிருந்து கூப்பிட்டபோது ஓடிய அதே ஆளாகக் கிடந்தேன். "உசுரு இருக்கு! உசுரு இருக்கு!" என்று யாரோ கத்திய பிறகுதான் எழுந்து போனேன். தலையிலும் தோளிலும் கல் அடித்து ரத்தமாகக் கிடந்தான். திரும்பி நின்றதால் முகம் தப்பியது. இன்னும் பத்தடி போயிருந்தால் பொறுக்கித்தான் கட்டியிருக்க வேண்டும். கல் ஏற்ற வந்த லாரியில் அவனைப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். என் மனைவி அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். 

பிழைத்துவிட்டான். காயம் ஆறிற்று. காது போய்விட்டது. வலது காது கொஞ்ச நாளில் பாதி திரும்பியது. இடது காது கடைசிவரை திரும்பவில்லை.

மாதம் முடிந்ததும் எனக்கு இரண்டாவது படம் எடுத்தார்கள். டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பியபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். கயம் இல்லை, பீடிப் புண்தான், ஆறிவருகிறது என்றார். சந்தோஷப்பட வேண்டிய செய்தி. எனக்கு அழுகை வந்தது. இல்லாத கயத்துக்குப் பயந்து ஒருத்தன் காதை வாங்கிவிட்டேனே என்றிருந்தது.

அடுத்த நாள் குவாரியில் பேச்சு எழுந்தது. வெடி வேலைக்குப் பீடி வேண்டும், சட்டத்தை மாற்றியதுதான் தப்பு என்றார்கள். எனக்கும் ஆசைதான். நோய் இல்லை என்று டாக்டரே சொல்லியாயிற்று, வேலைக்கும் வேண்டியிருக்கிறது, இதைவிட நல்ல காரணம் எந்தக் காலத்தில் கிடைக்கும்? அப்போது மேஸ்திரி மடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். உள்ளே நாலு பீடி.

"அன்னைக்கும் இந்த நாலும் எம்மடியிலதான் இருந்துச்சு" என்றார்.  "ஒங்களுக்குத் தெரியாம மலைக்கு அங்கிட்டுப் போயிக் குடிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். அன்னைக்கு எடுத்துப் பத்த வச்சிருந்தா நேரம் தெரிஞ்சிருக்கும். எடுத்தா கேவலமாப் போயிருமேன்னு கம்முன்னு இருந்துட்டேன்."

அன்று கொட்டை ஊறாமலே இருந்ததை நான் வீட்டில் மட்டும் சொல்லியிருந்தேன். என் மனைவி சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

"இப்பப் பத்த வையிங்க. நாலுல மூணக் குடிங்க. நீங்க வாயில ஒரு கொட்டையப் போடுங்க" என்றாள் என்னிடம்.

மேஸ்திரி முதல் பீடியைப் பற்றவைத்தார். நான் கொட்டையைப் போட்டுக்கொண்டேன். தலையில் கட்டோடு மச்சினனும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். அன்று உட்கார்ந்த அதே பாறை.

"அன்னைக்கு எப்புடி இருந்துச்சோ, அப்புடி ஆனதும் சொல்லுங்க" என்றாள்.

நாக்கால் புரட்டிக்கொண்டே இருந்தேன். அந்த வழுவழுப்பு வரப்போகிற கட்டம் வந்தது. கொட்டையை வெளியே எடுத்துக் காட்டினேன். "இப்ப."

எல்லோரும் மேஸ்திரியின் கையைப் பார்த்தோம். முதல் பீடி பாதிகூட எரிந்திருக்கவில்லை.

அவள் கொட்டையைத் திரும்ப வாயில் போட்டுக்கொள்ளும்படி கையைக் காட்டினாள். மீதி இரண்டரைப் பீடியையும் மேஸ்திரி அழுதுகொண்டே குடித்தார். நாங்கள் அசையாமல் உட்கார்ந்திருந்தோம். அவ்வளவு நீளமா அது! முதல் கொட்டை ஊறி, மென்று முழுங்கி, இரண்டாவதைப் போட்டு, அதுவும் மெத்தென்று ஆன பிறகுதான் மூன்றாவது பீடி முடிந்தது. அன்றிலிருந்து எங்கள் குவாரியில் ஊமை வெடிக்கு இரண்டு கொட்டை என்று ஆயிற்று. நான் எப்போதும் மூன்று ஊறும்வரை உட்காருவேன்.

நாலாவது பீடி மேஸ்திரியின் உள்ளங்கையில் மிஞ்சிக் கிடந்தது. புகை என் முகத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது. என் கை அதை நோக்கி நகர்ந்ததா என்று எனக்குத் தெரியாது. நகரவில்லை என்று சத்தியம் பண்ண மாட்டேன்.

நாங்கள் இத்தனை நேரம் பேசியதில் பாதிகூட மச்சினனுக்குக் கேட்டிருக்காது. அவன் எங்கள் வாயைப் பார்க்கவில்லை, என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். சட்டென்று அந்தப் பீடியை எடுத்து இரண்டாகக் கிள்ளிக் குழித் தண்ணீரில் எறிந்தான். காது கேட்காதவர்கள் பேசுகிற மாதிரி, மலையே கேட்கும்படி, என்னைப் பார்த்துக் கத்தினான்.

"மறுபடி தொட்டுறாதீங்க மச்சான்! இன்னொரு காதுதான் பாக்கி இருக்கு!"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. பையிலிருந்து இன்னொரு கொட்டையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.